ஏற்றமும் மதகும்



காவிரி நாடு என்றதும் நம் மனக்கண்முன் பச்சை வயல்களும் தென்னஞ்சோலைகளும் கோபுரங்களும் தோன்றுகின்றன. இயந்திரங்கள் தோன்றுவதில்லை. இயந்திரம் என்றால் புகைபோக்கியும் பல்சக்கரமும் பேரோசையும் உடையது என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும் தஞ்சை நாட்டின் வரலாற்றை உற்று நோக்கினால், அது பெரியதோர் இயந்திரசாலையின் வரலாறாகவும் விளங்கும். கிணற்று மேட்டில் நின்ற ஏற்றம், எருதுகள் இழுத்த கவலை, வாய்க்கால் தலைப்பில் நிற்கும் மதகு, இன்று வயலோரத்தில் ஓடும் மின்சாரப் பம்பு ஆகிய யாவும் இயந்திரங்களே. இவை அனைத்தும் பௌதிக நூலின் ஒரே விதிக்கு அடங்கி நடப்பவை.

அந்த விதி மிக எளியது. எந்த இயந்திரமும் உழைப்பைத் தானாக உண்டாக்குவதில்லை. வாங்கிய உழைப்பை வேறு வடிவில் திருப்பித் தருகிறது, அவ்வளவே. பௌதிகத்தில் 'வேலை' என்பது விசையையும் அவ்விசையின் வழியே பொருள் நகர்ந்த தூரத்தையும் பெருக்கி வரும் தொகை. விசையைப் பாதியாகக் குறைக்கும் இயந்திரம் தூரத்தை இரண்டு மடங்காக்கும். உராய்வு என்னும் தரகன் இடையில் நின்று தன் பங்கையும் எடுத்துக்கொள்வான். ஆகவே ஓர் இயந்திரத்தைக் காணுந்தோறும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதற்கு உழைப்பைத் தருபவர் யார்? பௌதிகம் கேட்கும் இக்கேள்வியை வரலாறும் கேட்கிறது. இரண்டுக்கும் சேர்த்து விடை தேடுவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். இது தமிழகத்தில் மிகப் பழமையானது. சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சி, நீர் இறைக்கும் கருவிகளாக ஏற்றத்தையும் ஆம்பியையும் கிழாரையும் குறிப்பிடுகிறது. நீர் இறைப்போர் பாடும் ஓசையையும் சொல்கிறது. எகிப்து நாட்டில் நைல் நதிக்கரையிலும் இதே இனத்தைச் சேர்ந்த கருவி பல்லாயிரம் ஆண்டுகளாக வழங்கி வந்தது. நம் கடற்கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் ஏற்றத்தைக் கண்டதும் தங்கள் கப்பலில் நீர் இறைக்கும் பம்பின் கைப்பிடியை நினைத்துக்கொண்டனர். அதன் பெயரையே இதற்கும் இட்டனர். ஆங்கிலேயர் ஏட்டில் ஏற்றம் 'பிக்கோட்டா' என்று எழுதப்பட்டது அவ்வாறுதான்.

ஏற்றத்தின் துலா ஒரு நெம்புகோல். நடுவே தாங்குகால், ஒரு முனையில் கழியும் சாலும், மறுமுனையில் கல்லோ மண்கட்டியோ ஆன எதிர்ப்பளு. நெம்புகோலின் சமநிலை விதியை நிரூபித்துக் காட்டியவர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ். அவ்விதியைப் படித்தறியாத நம் உழவர், அதைக் கையால் அறிந்து கல்லின் எடையைக் கூட்டியும் குறைத்தும் வைத்தனர். எடுத்துக்காட்டாக, சாலின் எடை 4 கிலோ, அது முகக்கும் நீர் 20 கிலோ என்று கொள்வோம். எதிர்ப்பளு, சால் இருக்கும் முனையில் 14 கிலோவைத் தாங்கும் அளவில் கட்டப்பட்டிருந்தால் என்ன ஆகும்? வெறுஞ்சாலைக் கீழே இறக்க 10 கிலோ விசை வேண்டும். நிறைந்த சாலை மேலே தூக்கவும் அதே 10 கிலோ விசை போதும். இருபது கிலோ நீரின் சுமை, இறக்கத்துக்குப் பாதி, ஏற்றத்துக்குப் பாதி என்று பங்கிடப்பட்டுவிட்டது! மனிதன் தன் உடல் எடையால் கீழே இழுப்பது எளிது; குனிந்து மேலே தூக்குவது கடினம். அந்தக் கடினத்தின் பாதியை ஏற்றம் எளிதான பக்கத்துக்கு மாற்றிவிடுகிறது. ஆனால் மொத்த வேலையில் ஒரு குன்றிமணியும் குறையவில்லை.

பெரிய ஏற்றங்களில் ஆட்களே துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னுமாக நடந்தனர். அங்கே எதிர்ப்பளு, உயிருள்ள மனிதனின் உடல். கையைவிடக் கால் வலிமை மிகுந்தது என்பதை அறிந்த அமைப்பு அது. கால் தவறினால் கிணற்றில் விழ நேரும் என்ற அச்சத்தோடு, விடியற்காலை முதல் நடந்தவர்களின் எண்ணிக்கைக் கணக்கே ஏற்றப்பாட்டு. இத்தனை சால் இறைத்தோம் என்பதைப் பாட்டின் அடிகளே காட்டிக்கொடுத்தன.

அந்த உழைப்பின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கர் வயலில் ஓர் அங்குல உயரம் நீர் நிற்க வேண்டுமானால், சுமார் 1 லட்சத்து 3 ஆயிரம் லிட்டர் நீர் வேண்டும். இருபது லிட்டர் சாலால் முகந்தால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சால்கள். அதை ஐந்து மீட்டர் ஆழத்திலிருந்து தூக்குவதாகக் கொள்வோம். நல்ல உடற்கட்டுள்ள ஒரு மனிதன் தொடர்ந்து சுமார் 75 வாட் அளவில் உழைக்கக்கூடும். அவன் உழைப்பில் ஒரு துளியும் வீணாகாவிட்டாலும் ஓர் அங்குல நீருக்கு ஏறத்தாழ 19 மணி நேரம் ஆகும். நெற்பயிருக்கு ஒரு போகத்தில் சுமார் 1,200 மில்லிமீட்டர் நீர் தேவை. அவ்வளவையும் ஏற்றத்தாலேயே இறைப்பதென்றால், ஓர் ஏக்கருக்கு ஓர் ஆள் நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாக 110 நாட்கள் துலாவில் நடக்க வேண்டும். மழை ஒரு பங்கைத் தரும் என்று தள்ளினாலும் மீதி மலைக்க வைக்கிறது.

துலாவின்மேல் நடந்தவர் பெரும்பாலும் நிலத்தின் உடைமையாளர் அல்லர், பண்ணையாட்களும் கூலியாட்களுமே. அவர்கள் உழைப்பின் கணக்கைப் பாட்டு மட்டுமே நெடுங்காலம் வைத்திருந்தது. சட்டப் புத்தகத்தில் அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது 1952ஆம் ஆண்டில், தஞ்சைக் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுதான்.

ஏற்றத்தின் மற்றொரு பக்கத்தையும் நாம் மறத்தலாகாது. சோழர் காலத்துச் செப்பேடுகளில் நீர் உரிமையைப் பற்றிய கட்டுப்பாடுகள் காணப்படுகின்றன. ஓர் ஊருக்கு என வெட்டிய வாய்க்காலில் பிறர் குற்றேத்தம் அமைத்தலும் கூடைநீர் இறைத்தலும் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. குற்றேத்தம் என்பது சிறிய ஏற்றம். கூடைநீர் என்பது இறைகூடையால் முகக்கும் நீர். இரண்டும் எளிய கருவிகள்தாம். ஆயினும் ஒருவன் வயலுக்கு ஏறும் நீர் மற்றொருவன் வயலுக்குச் சேர வேண்டியதாக இருக்கலாம் என்பதை அக்காலத்து ஆட்சியாளர் உணர்ந்திருந்தனர். கருவி சிறியதாயினும் அதன் விளைவைச் சமூகம் கணக்கில் கொள்ள வேண்டும் என்னும் கொள்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செம்பில் எழுதப்பட்டுவிட்டது.

ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டு நிலங்களிலும் கொங்கு நாட்டிலும் மிகுதியாக வழங்கியது கவலை. கமலை, கபிலை என்றும் இதனைச் சொல்வதுண்டு. இங்கே உழைப்பு மனிதனிடமிருந்து எருதுகளுக்கு மாறுகிறது. கவலையில் இரண்டு பொறிகள் ஒன்று சேர்ந்துள்ளன. ஒன்று, கயிற்றின் திசையை மாற்றும் உருளை. மற்றொன்று, எருதுகள் நடக்கும் சரிவான பாதை, அதாவது சாய்தளம். எருதுகள் நீரை இழுக்கும்போது சரிவில் கீழ்நோக்கி நடக்கின்றன. இரண்டு எருதுகளின் எடை 800 கிலோ என்றும், சரிவு எட்டடிக்கு ஓரடி என்றும் கொண்டால், எடையின் எட்டில் ஒரு பங்காகிய 100 கிலோ இழுவை அவற்றின் உடற்பாரத்தாலேயே கிடைத்துவிடும். இது இனாம் அன்று. திரும்பி வரும்போது அதே பாரத்தைச் சுமந்து அவை மேட்டில் ஏறியாக வேண்டும். ஆனால் அப்பொழுது நீர்ச்சுமை இல்லை. கடனை வசதியான வேளையில் அடைப்பதற்கு ஒப்பானது இது.

இதே சாய்தளம் தஞ்சையில் மற்றொரு பெரும் புகழுக்கும் உரியது. 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற பெருவுடையார் கோயிலின் விமானம் சுமார் 216 அடி உயரமுள்ளது. அதன் உச்சிக்குக் கற்களை ஏற்ற, சாரப்பள்ளம் என்னும் ஊரிலிருந்து நான்கு மைல் நீளத்துக்குச் சாரம் அமைத்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. உச்சியிலுள்ளது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பார்கள்; அது பல கற்களால் இணைக்கப்பட்டது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. எவ்வாறாயினும் கணக்கு நமக்குப் பாடமாகும். ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பாதையில் 66 மீட்டர் உயர்வது என்றால், உராய்வை நீக்கிப் பார்க்கையில், கல்லின் எடையில் ஏறத்தாழத் தொண்ணூறில் ஒரு பங்கு விசையே போதும். அதற்கு விலையாகத் தொண்ணூறு மடங்கு தூரம் இழுக்க வேண்டும். இதில் உராய்வே பெரும்பகுதி உழைப்பைத் தின்றிருக்கும்.

இனி, நாம் முன்பு போட்ட 110 நாள் கணக்குக்குத் திரும்புவோம். ஏக்கருக்கு அவ்வளவு ஆள் உழைப்பு வேண்டும் என்றால் தஞ்சை நெற்களஞ்சியம் ஆகியிருக்க முடியுமா? முடிந்திராது. இங்கே பெரும்பாலான வயல்களுக்கு நீர் இறைக்கப்படவில்லை, தானே பாய்ந்தது. தலைக்காவிரி கடல் மட்டத்துக்கு மேல் 1,276 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடல்நீரை ஆவியாக்கி மேகமாக்கி மேற்குத் தொடர்ச்சி மலைமேல் ஏற்றி வைப்பவன் ஞாயிறு. உலகின் மிகப் பெரிய ஏற்றக்காரன் அவனே. மேலே ஏறிய நீர் இறங்கி வரும் வழிதான் காவிரி. அந்த இறக்கத்தின் ஒரு பகுதியைச் சிவசமுத்திரத்தில் பயன்படுத்தி 1902ஆம் ஆண்டிலேயே மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினர்.

கல்லணைக்குக் கீழே நிலத்தின் சரிவு ஆயிரம் அடிக்கு ஓர் அடியும் இராது. ஆயினும் அச்சிறு சரிவு போதுமானது. அதை வீணாக்காமல், ஆற்றிலிருந்து கிளையாற்றுக்கும், அதிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து கன்னிக்கும் நீரை நடத்திச் செல்வதே டெல்டாவின் பொறியியல். இங்கே பொறியாளனுடைய பணி நீரைத் தூக்குவது அன்று. அதன் வழியைக் காப்பது.

அவ்வழிக்கு ஓர் ஆபத்து இருந்தது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. கடலுக்குச் செல்லும் அதன் வழி நேரானது, செங்குத்தும் சற்று மிகுந்தது. தாழ்ந்த பக்கம் நாடுவது நீரின் இயல்பு. திருவரங்கத் தீவின் கீழ்க்கோடியில் காவிரி நீர் கொள்ளிடத்துக்குள் சரிந்துவிடாமல் தடுத்து, வெள்ளக் காலத்தில் மட்டும் மிகுதியை வழியவிடும் அமைப்பே கல்லணை. கரிகாற்சோழன் கட்டியதாகப் போற்றப்படும் இவ்வணை சுமார் 1,080 அடி நீளமுள்ளது. ஆற்று மணலில் பாறை எங்கே என்று தேடி அதன் அடித்தளம் இடப்படவில்லை. ஓடும் நீரில் பெருங்கல்லை இட்டால், கல்லைச் சுற்றி நீர் மணலை அரிக்கும். கல் கீழே இறங்கும். அதன்மேல் மற்றொரு கல், பின்னும் ஒன்று. இனி இறங்காது என்னும் நிலை வரும்வரை இவ்வாறு இட்டு, இடையே களிமண் சேர்த்தனர். அணையைக் குலைக்கக்கூடிய அரிப்பையே அணை கட்டும் ஆளாக நியமித்த நுட்பம் இது!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்த பொறியாளர் ஆர்தர் காட்டன், ஆழம் காணமுடியாத மணலில் அடித்தளம் இடும் முறையைப் பழைய இந்தியக் கட்டுநரிடமிருந்தே தாங்கள் கற்றதாகப் பிற்காலத்தில் நன்றியோடு எழுதினார். அவர் காலத்தில் காவிரியின் வாயில் மணல் மேடிட்டு, நீர் கொள்ளிடத்துக்கே ஓடிக்கொண்டிருந்தது. 1836ஆம் ஆண்டு தொடங்கி முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையை அவர் கட்டினார். காவிரி மீண்டும் நிறைந்தது. ஆனால் பின்னர் அளவுக்கு மீறி நீர் புகுந்து காவிரியின் படுகை அரிக்கத் தொடங்கவே, அணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தியும் காவிரியின் வாயில் குறுக்குச் சுவர் எழுப்பியும் சமன் செய்ய நேர்ந்தது. துலாவின் ஒரு பக்கத்தைத் தொட்டால் மறுபக்கம் அசையும் என்பது ஆற்றுக்கும் பொருந்தும்.

இவ்வாறு பங்கிடும் தொழிலை நாள்தோறும் நடத்துவன மதகுகள். மதகின் பலகையை மேலே தூக்கும் திருகைப் பலரும் கண்டிருப்பீர்கள். திருகு என்பது ஒரு தண்டின்மேல் சுற்றப்பட்ட சாய்தளம். பெரிய கோயிலின் நான்கு மைல் சாரத்தைச் சுருட்டி ஒரு கம்பியில் ஏற்றியது போன்றது அது. மூன்று மீட்டர் அகலமுள்ள பலகையின்மேல் மூன்று மீட்டர் ஆழ நீர் நின்றால், அது தள்ளும் விசை சுமார் பதின்மூன்றரை டன் ஆகும். ஆழம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். அத்தள்ளலால் சட்டத்தோடு அழுந்திக் கிடக்கும் பலகையை ஒருவர் கையால் உயர்த்திவிடுகிறார். கைப்பிடி அரை மீட்டர் நீளமும், திருகின் புரி இடைவெளி ஒரு சென்டிமீட்டரும் இருந்தால், கை 314 சென்டிமீட்டர் சுற்றும்போது பலகை ஒரு சென்டிமீட்டரே உயரும். உராய்வு இதில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். ஆயினும் இங்கே அந்தத் தரகன் நமக்கு நன்மையும் செய்கிறான்: கையை எடுத்தாலும் பலகை தானாகக் கீழே விழாமல் பிடித்துக்கொள்கிறான்.

நீரை இடம் மாற்றும் பொறிகளுக்கு அப்பால், காலம் மாற்றும் பொறி ஒன்றும் உண்டு. 1924ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின், 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணை அத்தகையது. 120 அடி நீர்மட்டமும் 93.47 டி.எம்.சி. கொள்ளளவும் உடைய அந்நீர்த்தேக்கம், தென்மேற்குப் பருவத்தின் வெள்ளத்தைப் பிடித்து வைத்துப் பயிருக்கு வேண்டும் நாளில் தருகிறது. ஜூன் 12ஆம் நாள் அணை திறப்பது மரபாயிற்று. 1937 முதல் அந்நீர் இறங்கும்போதே மின்சாரத்தையும் தந்தது.

அந்த மின்சாரமே மீண்டும் நம்மை நீர் இறைப்புக்குக் கொண்டுவந்துவிட்டது. முன்பு கண்ட 19 மணி நேர மனித உழைப்பு, மின்சாரக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை யூனிட்; பம்பின் இழப்புகளைச் சேர்த்தாலும் சில யூனிட்டுகளே. துலாவில் நடந்த கால்கள் ஓய்வு பெற்றது மனித குலத்துக்குப் பெருநன்மை, ஐயமில்லை. ஆனால் உழைப்பு மறையவில்லை. அனல் மின் நிலையத்துக்கும் நீர்மின் நிலையத்துக்கும் இடம் மாறியது. தமிழ்நாட்டில் உழவருக்கு மின்கட்டணம் இல்லாமையால் அதன் அளவு கண்ணுக்குப் புலப்படுவதும் இல்லை.

இங்கே பௌதிகம் ஒரு பாடத்தைச் சொல்கிறது. பம்பு நீரை உறிஞ்சுவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் பம்பு குழாயிலுள்ள காற்றை அகற்றுகிறது. வெளியிலுள்ள காற்று மண்டலத்தின் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. 1643ஆம் ஆண்டளவில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி காட்டியபடி, அவ்வழுத்தம் தாங்கக்கூடிய நீர்த்தூண் சுமார் 10 மீட்டரே. நடைமுறையில் 7 அல்லது 8 மீட்டருக்குமேல் எந்தப் பம்பும் உறிஞ்சாது. நிலத்தடி நீர் அதற்கும் கீழே இறங்கியபோது உழவர் குழி வெட்டிப் பம்பைக் கீழே இறக்கினர். பின்னர் நீருக்குள்ளேயே மூழ்கி அடியிலிருந்து தள்ளும் மோட்டார் வந்தது. இயற்கை வைத்திருந்த அந்த எல்லைக்கோடு அத்துடன் அழிந்தது. ஐந்து மீட்டரிலிருந்து தூக்கிய நீரை ஐம்பது மீட்டரிலிருந்து தூக்கினால் பத்து மடங்கு சக்தி செலவாகும்.

கடற்கரையை அடுத்த ஊர்களுக்கு ஆபத்து இன்னும் நுட்பமானது. அங்கே மண்ணுக்கடியில் நன்னீர் உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கே கனமானது. ஆதலால் மேலே நன்னீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், கீழே உப்பு நீர் காலப்போக்கில் நாற்பது அடி வரை உயரக்கூடும். ஒருவர் கிணற்றில் இறைத்தது மற்றொருவர் கிணற்றில் உப்பாகத் தோன்றும். குற்றேத்தத்துக்குக் கட்டுப்பாடு விதித்த செப்பேட்டின் பொருள் இப்பொழுது நமக்கு நன்கு விளங்குகிறது.

ஓடும் நீரைக் காக்கும் பொறிகளையும் காக்க வேண்டும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. நூற்றெண்பது ஆண்டுகள் உழைத்த கட்டடம் அது. தூர் எடுத்தலும் கரை கட்டுதலும் மதகுக்கு எண்ணெய் இடுதலும் புகழ் தராத பணிகள். ஆனால் ஞாயிறு இலவசமாக ஏற்றித் தரும் நீரைப் பெறுவதற்கு நாம் செலுத்த வேண்டிய விலை அவ்வளவே. அதைச் செலுத்தத் தவறினால், அதே நீரை ஆழத்திலிருந்து மிகப் பெரிய விலை கொடுத்து வாங்க நேரும்.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளைக்குப் பொறியாளர் ஆவீர்கள், சிலர் உழவராவீர்கள், சிலர் சட்டம் இயற்றும் அவையிலும் அமர்வீர்கள். எந்தப் புதிய இயந்திரம் உங்கள் முன் வந்தாலும், அது எவ்வளவு விசை தரும் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்த விசைக்குரிய உழைப்பு யாருடைய காலிலிருந்து, யாருடைய கிணற்றிலிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். கணக்குத் தீர்க்காமல் எந்தப் பொறியும் இயங்குவதில்லை. நாம் தீர்க்காத கணக்கு, நமக்குப் பின் வருவோர் தோளில் ஏறும்.